கடன் இல்லாத கிறிஸ்துமஸ்: 15,000 ரூபாய்க்குள் வீட்டோடு நிம்மதியா கொண்டாடுவது எப்படி?



டிசம்பர் வந்தாச்சு. தெருவுக்குத் தெரு ஸ்டார் தொங்க ஆரம்பிச்சாச்சு. ஆபீஸ்ல கிறிஸ்மாம் – கிறிஸ்சைல்டு சீட்டு எடுத்தாச்சு. ஊர்ல இருந்து அம்மா போன் பண்ணி, "லீவு சொல்லிட்டியா? என்னைக்கு வர்ற?"ன்னு கேட்டாச்சு. கூடவே போன்ல இன்னொரு வகை மெசேஜும் வரிசையா வருது. "உங்கள் கார்டுக்கு 10% தள்ளுபடி", "இப்போது வாங்குங்கள், பிப்ரவரியில் கட்டுங்கள்", "உங்களுக்கு 2 லட்சம் ரூபாய் கடன் தயாராக இருக்கிறது."

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூணு வருஷம் ஆன ஒருத்தருக்கு, வீட்டுக்கு நல்லா செய்யணும்ங்கிற ஆசை நிறைய இருக்கும். அந்த ஆசையைக் குறை சொல்ல இந்தப் பதிவு இல்லை. ஆசையையும் செய்யலாம், கடனும் வாங்காம இருக்கலாம். அதுக்கு என்ன வழின்னு கணக்கோடு பார்ப்போம். நீங்க கிறிஸ்துமஸ் கொண்டாடாதவரா இருந்தாலும் படிங்க. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் பொங்கலுக்கும் இதே கணக்குதான்.

நான் சொல்லப்போறது ஒரே ஒரு விஷயம். கிறிஸ்துமஸ் செலவு டிசம்பரிலேயே முடிஞ்சிடணும். ஜனவரி சம்பளம் ஜனவரி மாசத்துக்கு முழுசா இருக்கணும். மத்ததெல்லாம் இதுக்கான வழிமுறைதான்.

ஜனவரி மாசம் ஏன் இவ்வளவு நீளமா இருக்கு?

கிறிஸ்துமஸ் செலவு வலிக்கிறது டிசம்பர்ல இல்லை, ஜனவரியில். அதுக்கு நாலு காரணம் இருக்கு.

ஒண்ணு, சில நிறுவனங்கள் பண்டிகைக்காக டிசம்பர் சம்பளத்தை 22, 23-ம் தேதியே போட்டுடுவாங்க. சந்தோஷமாத்தான் இருக்கும். ஆனா அடுத்த சம்பளம் ஜனவரி கடைசியில்தான் வரும். அதாவது ஒரு சம்பளத்தில் ஐந்தரை வாரம் ஓட்டணும்.

இரண்டு, கிறிஸ்துமஸ் முடிஞ்ச ஒரே வாரத்தில் புத்தாண்டு. அது முடிஞ்சு இரண்டு வாரத்தில் பொங்கல் லீவு, மறுபடியும் ஊர்ப் பயணம்.

மூணு, வருமான வரி. பழைய வரி முறையில் இருக்கிறவங்க முதலீட்டு ஆவணங்களை அநேகமா ஜனவரிக்குள்ள ஆபீஸில் கொடுக்கணும். கொடுக்கலைன்னா, மீதி வரியை ஜனவரி, பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் பிடிச்சுக்குவாங்க. கையில் வர்ற சம்பளமே குறைஞ்சுடும்.

நாலு, டிசம்பரில் தேய்ச்ச கார்டு பில் வர்றதும் இதே மாசம்தான்.

இந்த நாலும் ஒண்ணா வரும்போது மனுஷன் என்ன செய்வான்? கார்டு பில்லில் 'குறைந்தபட்சத் தொகை'ன்னு போட்டிருக்கிறதை மட்டும் கட்டிட்டு, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்"னு விட்டுடுவான். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்குது.

20,000 ரூபாய் எப்படி 26,000 ஆகுது?

ஒரு உதாரணம் பார்ப்போம். கையில் 15,000 இருக்கு. ஆனா கிறிஸ்துமஸுக்கு 35,000 செலவாயிடுச்சு. மீதி 20,000 கிரெடிட் கார்டில் போச்சுன்னு வச்சுக்குவோம்.

பல கார்டுகளில் வட்டி மாசத்துக்கு 3.5% அளவில் இருக்கு. கேட்க சின்னதா தெரியும், வருஷத்துக்குப் பார்த்தா 42%. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி வேற. அப்போ 20,000 ரூபாய்க்கு ஒரு மாச வட்டி 700, ஜிஎஸ்டி 126, மொத்தம் 826 ரூபாய்.

குறைந்தபட்சத் தொகை 5%, அதாவது 1,000 ரூபாய் கட்டுறீங்க. அதில் 826 வட்டிக்கே போயிடும். கடன் குறைஞ்சது வெறும் 174 ரூபாய்!

சரி, கொஞ்சம் கூட்டி மாசம் 2,000 கட்டினா? ஜனவரியில் ஆரம்பிச்சு, 13 மாசம் முழுசா கட்டி, 14-வது மாசமும் ஒரு சின்னத் தொகை கட்டினாத்தான் முடியும். அதாவது அடுத்த கிறிஸ்துமஸுக்கு நீங்க ஸ்டார் கட்டும்போதும் இந்தக் கிறிஸ்துமஸ் கடன் ஓடிக்கிட்டே இருக்கும். மொத்தம் கட்டினது சுமார் 26,300 ரூபாய். இது எளிமையாக்கின கணக்குதான். பில் தேதியைப் பொறுத்து கொஞ்சம் கூடும், குறையும்.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. பில்லை முழுசா கட்டாம பாக்கி வச்சா, பொருள் வாங்கின தேதியில் இருந்தே வட்டி கணக்காகும். அதுக்கப்புறம் அந்தக் கார்டில் புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாலும் அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுடும்.

"நான் நோ காஸ்ட் இஎம்ஐ-லதான் வாங்குறேன்"னு சொல்றீங்களா? 2013-லேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டிங்கிற ஒண்ணே கிடையாதுன்னு வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கு. வட்டி எங்கேயோ ஒளிஞ்சிருக்கும். ஒண்ணு, மொத்தப் பணம் கொடுத்தா கிடைக்கிற தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது. இல்லைன்னா செயல்பாட்டுக் கட்டணம்னு ஒரு தொகை வரும். வட்டிப் பகுதிக்கான ஜிஎஸ்டியும் உங்க தலையில்தான்.

முதல்ல தொகை, அப்புறம் லிஸ்ட்

பெரும்பாலான வீடுகளில் முதலில் லிஸ்ட் போடுவோம், அப்புறம் அதுக்குப் பணம் தேடுவோம். இதை அப்படியே திருப்பிப் போடுங்க.

டிசம்பர் 1-ம் தேதி உங்க கையில் எவ்வளவு இருக்குன்னு பாருங்க. அதில் வாடகை, ஏற்கனவே இருக்கிற இஎம்ஐ, எஸ்ஐபி, இன்சூரன்ஸ் பிரீமியம், ஜனவரிக்கு வேண்டிய சாப்பாட்டுச் செலவு எல்லாத்தையும் கழிங்க. அவசர கால நிதியைத் தொடவே கூடாது. பண்டிகை வருஷா வருஷம் அதே தேதியில்தான் வருது, அது அவசரம் இல்லை. கழிச்சது போக மிச்சம் எவ்வளவோ, அதுதான் இந்த வருஷ கிறிஸ்துமஸ் பட்ஜெட். சம்பளத்தில் இத்தனை சதவீதம்னு ஒரு விதி தேவையில்லை.

அடுத்தது கஷ்டமான வேலை. வீட்டில் சொல்லணும்.

பல பேர் இங்கேதான் தடுமாறுறாங்க. "என்கிட்ட பணம் இல்லம்மா"ன்னு சொல்லக் கூச்சம். சொன்னா அம்மா கவலைப்படுவாங்க, அப்பா "எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா"ன்னு ஒதுங்கிடுவார். அதனால எதுவும் சொல்லாம கார்டைத் தேய்ச்சிடுறோம். இதுக்குப் பதிலா இப்படிச் சொல்லிப் பாருங்க: "அம்மா, இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு 15,000 தனியா எடுத்து வச்சிருக்கேன். எதுக்கு எவ்வளவுன்னு நீங்களே பிரிச்சுக் கொடுங்க."

நம்ம அம்மாக்கள் வாழ்நாள் முழுக்க கம்மிப் பணத்தில் குடும்பம் நடத்தினவங்க. தொகை எவ்வளவுன்னு தெரிஞ்சா, அதை எப்படி நீட்டணும்னு அவங்களுக்கு நம்மளை விட நல்லாவே தெரியும்.

15,000 ரூபாய்: ஒரு மாதிரி பட்ஜெட்

சென்னையில் வேலை, சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். வீட்டில் அப்பா, அம்மா, தங்கச்சி, நீங்க – நாலு பேர். சம்பளம் 35,000 ரூபாய்னு வச்சுக்குவோம். விலையெல்லாம் தோராயம்தான். உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

- ரயில் டிக்கெட், போக வர (ஸ்லீப்பர்): 1,000
- புது டிரஸ், ஆளுக்கு ஒண்ணு: 5,000
- பலகாரச் சாமான்: 1,800
- கேக்: 800
- 25-ம் தேதி சாப்பாடு: 2,200
- குடில், ஸ்டார், லைட்: 500
- பரிசு: 500
- காணிக்கை, கேரல் குழு: 1,200
- எதிர்பாராத செலவு: 2,000

மொத்தம் 15,000. கடைசி வரியைப் பார்த்து, "இது எதுக்கு?"ன்னு எடுத்துடாதீங்க. திடீர்னு சித்தி குடும்பத்தோட வந்து நிப்பாங்க. மிக்ஸி ரிப்பேர் ஆகும். அந்த 2,000 இல்லைன்னா கை நேரா கார்டுக்குத்தான் போகும். இனி ஒவ்வொரு வரியா பார்ப்போம்.

டிரஸ்: நம்ம ஊர்ல கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு, புத்தாண்டு ஆராதனைக்கு ஒண்ணுன்னு இரண்டு எடுக்கிற பழக்கம் இருக்கு. ஒண்ணு போதும். புத்தாண்டுக்கு, அலமாரியில் இருக்கிறதிலேயே நல்லதை அயர்ன் பண்ணிப் போடுங்க. ஆலயத்தில் யாரும் போன வருஷ போட்டோவை வச்சுக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்கப் போறதில்லை. அடுத்த வருஷத்துக்கு ஒரு யோசனை: துணியை ஆடித் தள்ளுபடியிலேயே எடுத்துடுங்க. டெய்லரும் டிசம்பர் கூட்டம் இல்லாம நிதானமா தைச்சுக் கொடுப்பார்.

பலகாரம்: கடையில் கிலோ கணக்கில் வாங்கினா பணம் பறக்கும். வீட்டில் செஞ்சா சாமான் செலவு மட்டும்தான். ஆனா ஆறேழு வகை செய்யணும்னு கிளம்பினா, பண்டிகை அன்னைக்கு அம்மா இடுப்பு வலியோடதான் இருப்பாங்க. மூணு வகை போதும்: முறுக்கு, அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து. மூணுமே பல நாள் கெடாது. 20-ம் தேதிக்குள்ள முடிச்சு டப்பாவில் போட்டுடலாம். அதிரசம் வேணும்னா மாவைப் பாகில் கிளறி ஒரு நாளாவது ஊற வைக்கணும், அதுக்குத் தகுந்த மாதிரி நாளைப் பிரிச்சுக்கோங்க. பக்கத்து வீட்டு அக்காவோட சேர்ந்து ஒரே அடுப்பில் செஞ்சா எண்ணெய்ச் செலவும் பாதி, வேலையும் பாதி. பேச்சுத் துணையும் கிடைக்கும்.

கேக்: ஓவன் இல்லைன்னாலும் குக்கர் போதும். அடியில் உப்பைப் பரப்பி, ஒரு ஸ்டாண்டு வச்சு, கேஸ்கெட்டும் வெயிட்டும் இல்லாம மூடி, சின்னத் தீயில் வேக விடலாம். உலர்பழத்தை ஆரஞ்சுச் சாறில் முந்தின நாளே ஊற வைங்க. சர்க்கரையைக் கருக விட்டுத் தண்ணீர் ஊத்தினா பிளம் கேக்குக்கு வேண்டிய நிறம் வந்துடும். முதல் தடவை செய்றீங்கன்னா 24-ம் தேதி சோதனை வேண்டாம். ஒரு வாரம் முன்னாடியே சின்னதா செஞ்சு பாருங்க.

குடில்: இதுக்குக் கடையில் ஆயிரக்கணக்கில் செட் விக்கிறாங்க. 1223-ல் இத்தாலியில் கிரெச்சோங்கிற ஊர்ல, அசிசி நகர் புனித பிரான்சிஸ் கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைச்சப்போ, அங்க இருந்தது வைக்கோல், தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. நமக்கும் அது போதும். பழைய பழுப்புக் காகிதத்தைக் கசக்கினா மலை. டிசம்பர் 15 வாக்கில் ஒரு தட்டில் மண் போட்டு கேழ்வரகைத் தெளிச்சுத் தண்ணி காட்டினா, 24-ம் தேதிக்குள் பச்சைப் புல்வெளி ரெடி. சொரூபங்களைப் பத்திரமா துணியில் சுத்தி வச்சா வருஷக் கணக்கில் வரும்.

ஸ்டார்: மூங்கில் குச்சியும் கைட் பேப்பரும் இருந்தா தங்கச்சியும் நீங்களும் ஒரு சாயங்காலத்தில் கட்டிடலாம். உள்ளே பழைய 60 வாட் குண்டு பல்பு வேண்டாம். தினம் 6 மணி நேரம், 25 நாள் எரிஞ்சா அது 9 யூனிட் எடுக்கும். 9 வாட் எல்இடி ஒன்றரை யூனிட்டைக்கூடத் தாண்டாது. காகித ஸ்டாருக்குள் சூடு கம்மியா இருக்கிறது பாதுகாப்பும் கூட.

பரிசு: இதில்தான் பெரிய மிச்சம் இருக்கு. அண்ணன், அண்ணி, மச்சான், பிள்ளைங்கன்னு எட்டுப் பேர் கூடுறீங்க. ஒவ்வொருத்தரும் மத்த ஏழு பேருக்கும் வாங்கினா மொத்தம் 56 பரிசு. ஒண்ணு 500 ரூபாய்னா ஆளுக்கு 3,500. ஆபீஸ்ல செய்ற மாதிரி வீட்டிலும் சீட்டுக் குலுக்குங்க. ஆளுக்கு ஒரே பரிசு, 500 ரூபாய்க்கு மேல போகக் கூடாது. மொத்தம் 8 பரிசுதான். யாருக்கு யார்னு கடைசி வரைக்கும் ரகசியமா வைக்கிறதே ஒரு விளையாட்டு.

நாளை நிதானமா வைங்க

செலவு குறைஞ்சும் வீட்டில் எரிச்சல் இருந்தா அது நல்ல பண்டிகை இல்லை. பெரும்பாலும் எரிச்சல் எங்கே இருந்து வருது? நாலு பேர் உட்கார்ந்திருக்க, ஒருத்தர் மட்டும் அடுப்படியில் நிக்கிறதில் இருந்து.

25-ம் தேதி ஆராதனை முடிஞ்சு வந்ததும் சாப்பிட இடியாப்பம், கறிக்குழம்பு. குழம்புக்கு மசாலாவை முந்தின நாளே அரைச்சு வைங்க. மதியத்துக்கு ஒரே ஒரு பெரிய ஐட்டம் – பிரியாணி, தயிர்ப் பச்சடி. அவ்வளவுதான். வறுவல், பொரியல், பாயசம்னு நீட்டாதீங்க. வெங்காயம் உரிக்கிறது அப்பா, பாத்திரம் நீங்க, வீடு கூட்டுறது தங்கச்சின்னு 24-ம் தேதியே பிரிச்சிடுங்க. அம்மா மதியம் ஒரு மணி நேரம் படுத்துத் தூங்கணும். இதை பட்ஜெட்டில் ஒரு வரியாவே எழுதிக்கோங்க.

சாயங்காலத்துக்கு மால், சினிமான்னு போகணும்னு இல்லை. கேரம் போர்டு, தாயம், பழைய போட்டோ ஆல்பம் இருக்கு. தாத்தா பாட்டி இருந்தா, அவங்க சின்ன வயசு கிறிஸ்துமஸ் எப்படி இருந்துச்சுன்னு கேட்டு போனில் ரெக்கார்டு பண்ணுங்க. பத்து வருஷம் கழிச்சு அதுக்கு விலை போட முடியாது.

எதைக் குறைக்கக் கூடாது?

சிக்கனம் வேற, கஞ்சத்தனம் வேற. மூணு விஷயத்தில் கை வைக்காதீங்க.

முதலாவது, பக்கத்து வீடுகளுக்குப் போற பலகாரத் தட்டு. தீபாவளிக்கு அவங்க வீட்டு அதிரசமும் ரம்ஜானுக்கு பிரியாணியும் நம்ம வீட்டுக்கு வந்திருக்கு. அந்தத் தட்டு திரும்பிப் போகணும்.

இரண்டாவது, காணிக்கையும் உதவியும். தொகை சின்னதா இருக்கலாம், ஆனா லிஸ்டில் இருக்கணும். அபார்ட்மென்ட் வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, இவங்களை மறக்காதீங்க.

மூணாவது, அப்பா அம்மா டிரஸ். "எங்களுக்கு எதுக்குப்பா"ன்னுதான் சொல்வாங்க. அதை அப்படியே எடுத்துக்காதீங்க. பட்ஜெட் இடிச்சா உங்க டிரஸை விட்டுக் கொடுங்க.

"நான் ஒண்ணுமே சேர்த்து வைக்கலையே!"

பரவாயில்லை. தீபாவளி போனஸில் மிச்சம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா மேலே இருக்கிற லிஸ்டையே 8,000 ரூபாய்க்குச் சுருக்குங்க. புது டிரஸ் அப்பா அம்மாவுக்கு மட்டும், பலகாரம் இரண்டு வகை, பரிசு கையால செஞ்சது. எஸ்ஐபி-யை நிறுத்தாதீங்க. ஐந்து நிமிஷத்தில் கடன் தர்ற ஆப் பக்கம் போகவே போகாதீங்க.

அடுத்த வருஷத்துக்கு இப்பவே விதை போட்டுடலாம். மார்ச் 1-ம் தேதி, மாசம் 1,700 ரூபாய்க்கு 9 மாச ஆர்டி ஒண்ணு ஆரம்பிங்க. பல வங்கிகளில் மொபைல் ஆப்லயே முடியும். டிசம்பர் 1-ம் தேதி 15,300 ரூபாயும், 6% வட்டின்னா அது மேல சுமார் 380 ரூபாயும் கைக்கு வரும். வட்டி பெரிசு இல்லைதான். பணம் தனியா பூட்டி இருக்கிறதுதான் இதில் லாபம். தபால் அலுவலக ஆர்டி 5 வருஷத்துக்கானது, இந்த வேலைக்குச் சரிப்படாது. தெரிஞ்சவங்க நடத்துற பண்டிகைச் சீட்டில் போடுறதா இருந்தா, 1982-ம் வருஷ சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு பண்ணினதான்னு கேளுங்க. ரசீது இல்லாம பணம் கொடுக்காதீங்க.

இன்னொரு தேதியையும் போனில் போட்டு வைங்க: அக்டோபர் 24, காலை 8 மணி. ரயில் முன்பதிவு இப்போ 60 நாள் முன்னாடிதான் திறக்குது. டிசம்பர் 23-ம் தேதி பயணத்துக்கு அன்னைக்குத்தான் டிக்கெட் கிடைக்கும். அதை விட்டா கடைசி நேர ஆம்னி பஸ் கட்டணம் உங்க டிரஸ் பட்ஜெட்டையே சாப்பிட்டுடும்.

இன்னைக்கு ராத்திரி செய்ய வேண்டியது

1. ஜனவரிச் செலவைக் கழிச்சிட்டு, மிச்சத் தொகையை ஒரு பேப்பரில் எழுதுங்க.
2. அந்தத் தொகையை வேற அக்கவுன்ட்டுக்கு மாத்துங்க. கிறிஸ்துமஸ் செலவு முழுக்க அதில் இருந்து மட்டும்.
3. ஷாப்பிங் ஆப்களில் சேமிச்சு வச்சிருக்கிற கார்டு விவரத்தை அழிச்சிடுங்க.
4. அம்மாவுக்குப் போன் பண்ணித் தொகையைச் சொல்லுங்க.

நாலாவதுதான் முக்கியம். மத்த மூணையும் பத்து நிமிஷத்தில் முடிச்சிடலாம். இதுக்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்கி, நிதானமா பேசுங்க.

உங்க வீட்டு பட்ஜெட்டில் எந்த வரி இடிக்குதுன்னு கமெண்டில் எழுதுங்க, அடுத்த வீடியோவில் சேர்ந்து கணக்குப் போடுவோம். எல்லாருக்கும் இனிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்!